தஞ்சாவூர் சைமனும் கேரளாவின் முதல் கோப்பையும்

1960 ஆகஸ்ட் 29 அன்று இத்தாலியில் குரோசெத்தோ என்ற ஊரில் இந்தியாவும் பிரான்ஸும் கால்பந்து ஆடின. ரோம் ஒலிம்பிக் போட்டி அது. காரைக்கால்காரர்களுக்கு இதில் ஒரு தனி விசேஷம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊர் நிர்வாகத்தை 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்தியாவிடம் கொடுத்துவிட்டார்கள். 1956 மே 28-ல் ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் பாரிஸில் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்து, பத்திரங்கள் முறைப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அப்படியென்றால் அந்த ஆட்டம் நடந்த அன்று காரைக்காலை ஆண்டது இந்தியா, சட்டப்படி ஊர் பிரான்ஸுடையது. தாத்தா இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீடுகளுக்கும், விடுதலைப் போராட்டத்தில் கொடி பிடித்த வீடுகளுக்கும் நடுவே ஒரே தெருதான் இருந்த காலம்.

ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. 71-வது நிமிடத்தில் இந்தியக் கேப்டன் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 82-வது நிமிடம் வரை பிரான்ஸ் பின்தங்கியே இருந்தது. இன்னும் எட்டு நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸை ஜெயித்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த ரோம் அணியில் இருந்த ஒரு தஞ்சாவூர்க்காரரைப் பற்றி. சைமன் சுந்தரராஜ். 1936 அக்டோபர் 16-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். காரைக்காலில் இருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பெரிய கோயிலுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் பட்டுக்கும் நாம் போய்வருகிற ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவன் ஒலிம்பிக்கில் கோல் போட்டான் என்பது டெல்டாவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரோமில் இந்தியாவின் பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய மூன்று அணிகள் இருந்தன. முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. 2-1 என்று தோற்றோம். அந்த ஹங்கேரி அணியில் ஃப்ளோரியன் ஆல்பர்ட் இருந்தார், பின்னாளில் 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். ஹங்கேரி கடைசியில் வெண்கலத்தோடு ஊர் திரும்பியது. அப்படிப்பட்ட அணியோடு ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது கேவலமே இல்லை. அடுத்தது பிரான்ஸ், மேலே சொன்னேன். மூன்றாவது செப்டம்பர் 1 அன்று பெருவோடு. அதில் 3-1 என்று தோற்று வெளியே வந்தோம். அந்த ஒரு கோல், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது விழுந்தது. அதைப் போட்டவர் சைமன் சுந்தரராஜ் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. சில பதிவுகளில் அது துளசிதாஸ் பலராம் பெயரில் இருக்கிறது. எப்படி இருந்தாலும் அதற்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. அதனால் அந்தக் கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கோல். அறுபது வருஷத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கோலுக்குப் பெயர் சொல்லப்படுகிற இருவருமே தமிழர்கள். பலராம் செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் ஒரு ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஹங்கேரிக்கு எதிரான கோலும் அவருடையதுதான். கோலில் நின்ற பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். வேலூரில் பிறந்த தர்மலிங்கம் கண்ணனும் அந்த அணியில் இருந்தார். ஒரே ஒலிம்பிக் அணியில் நான்கு தமிழர்கள். இன்றைக்கு இந்தியக் கால்பந்து அணியில் ஒரு தமிழ்ப் பெயர் வந்தாலே நாம் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவைக்கிறோம்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் ஒரு வரைபடமே கிடைக்கும். செகந்திராபாத், பெங்களூர், வெலிங்டன் என்று பட்டாளம் இருந்த ஊர்களாகவே வரும். வெள்ளைக்காரன் தண்டு இறக்கிய இடங்களுக்கு வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், சிப்பாய்கள் ஆடிய பந்தைப் பார்த்து ஆடப் பழகினார்கள். இரண்டு வருஷம் கழித்து 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூர்த் தமிழர்தான்.

தங்கராஜின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆறடிக்கு மேல் உயரம். ஆரம்பத்தில் சென்டர் ஃபார்வேர்டாகத்தான் ஆடினார். நீலகிரி வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்த பிறகு கோலியாக மாறினார். அந்த எம்.ஆர்.சி. அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. டூரண்ட் என்றால் ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி. நம் மலை ஊர்ப் பட்டாள அணி ஒன்று டில்லிக்குப் போய் அதை இரண்டு முறை தூக்கிக்கொண்டு வந்தது. தங்கராஜ் பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடி, 1967-ல் அர்ஜுனா விருது வாங்கி, பொகாரோ எஃகு ஆலைப் பக்கம் பயிற்சியாளராகப் போய்விட்டார். 2008-ல் அங்கேயே காலமானார். கண்ணனும் கல்கத்தாவில்தான் தங்கினார், 2019-ல் அங்கேயே கண் மூடினார். ஆடப் போன இடத்திலேயே இவர்கள் வேர் விட்டார்கள், கற்ற வித்தையையும் அங்கேயேதான் கொடுத்தார்கள்.

சைமன் இதில் கொஞ்சம் தனி ஆள். தஞ்சாவூர் தண்டு இறங்கிய ஊர் என்று பெயர் வாங்கியதல்ல. ஆறும் வாய்க்காலும் நெல்லும் கோயிலும் உள்ள ஊர். டெல்டாவில் பந்து ஆடுவதில் உள்ள கஷ்டம் டெல்டாக்காரனுக்குத்தான் தெரியும். ஆடியில் தண்ணீர் வந்தால் சம்பாவுக்கு நாற்று விட ஆரம்பிப்பார்கள். அதிலிருந்து தை அறுவடை வரை எங்கே பார்த்தாலும் தண்ணீரும் சேறும். அறுத்த பிறகாவது வயல் சும்மா கிடக்குமா என்றால், நெல் நிற்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அதை எடுத்து, வயல் வெடித்துக் கிடக்கிற சித்திரை வைகாசியில்தான் பையன்களுக்கு இடம். நெல் தாள் காலில் குத்தும், வெடிப்பில் கணுக்கால் மாட்டும். கிரிக்கெட்டுக்கு நடுவில் ஒரு பட்டையைச் சமன் செய்தால் போதும், கால்பந்துக்கு முழு இடமும் வேண்டும். அதனால்தான் நம் பக்கம் பள்ளிக்கூட மைதானம், அதிலும் பாதிரியார்கள் நடத்திய பள்ளிக்கூடங்களின் மைதானம், பந்து ஆடியவர்களுக்குப் பெரிய கொடையாக இருந்தது. இப்படிப்பட்ட ஒரு ஊரில் பிறந்து ரோம் வரை போனது சாதாரண விஷயமே இல்லை.

ரோமுக்கு அவர்களைக் கூட்டிப்போனவர் சையது அப்துல் ரஹீம். 2024-ல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்ததே, அந்தப் படத்தின் நாயகர் இவர்தான். ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்தவர். 1951-லும் 1962-லும் ஆசியத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், எல்லாம் அவர் கையில் நடந்தவை. 1963 ஜூனில் புற்றுநோயில் போனார். அவர் வேலை செய்த நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் அன்றைக்கு உள்நாட்டு ஆட்டம் 70 நிமிடம்தான் நடக்கும். ஒலிம்பிக்கில் 90 நிமிடம். உள்ளூரில் பெரிய ஆட்டக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கும் உடம்பு 70 நிமிடத்துக்குத்தான் பழகியிருக்கும். பிரான்ஸ் சமன் செய்தது 82-வது நிமிடத்தில் என்பதை இதோடு சேர்த்துப் படித்தால் ரஹீமின் பாடு புரியும். ஓட்டமும் மூச்சும் பழக்கி, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனி வித்தை காட்டுகிற பழக்கத்தைக் குறைத்து, ஒரே தொடுதலில் பந்தைக் கைமாற்றச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நல்ல வாத்தியாரின் அடையாளம் அவருடைய மாணவர்கள் வாத்தியார்களாவது என்பது என் அபிப்பிராயம். ரோம் அணியைப் பாருங்கள். பி.கே. பானர்ஜி பின்னாளில் இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். அருண் கோஷும் அப்படியே. தங்கராஜ் பொகாரோவில். சைமன் கேரளாவில்.

அந்தக் கேரளக் கதைக்காகத்தான் இந்தப் பதிவே. எனக்கு சைமன் பெயரைச் சொன்னதே ஒரு மலையாளிதான். நெரவியில் வேலை பார்த்த நண்பர், கண்ணூர்க்காரர். ஒரு நாள் டீக்கடையில் பந்து பேச்சு வந்தபோது, “சார், எங்களுக்கு முதல் சந்தோஷ் டிராபி வாங்கிக் கொடுத்தது உங்க தஞ்சாவூர் ஆளுதானே?” என்றார். அவர் சொன்ன தொனியில் அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அங்கே அப்படித்தான். மலையாளிகளிடம் 1973 என்று சொன்னால் போதும், பந்து பார்க்கிற வயதானவர்கள் மிச்சத்தைச் சொல்வார்கள்.

சந்தோஷ் டிராபி மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி. 1941-ல் தொடங்கியது. ஐ.எஸ்.எல்., தொலைக்காட்சி எல்லாம் வருவதற்கு முன்னால் இந்தியாவில் ஒரு மாநிலத்தின் மானம் இந்தக் கோப்பையில்தான் இருந்தது. வங்காளம்தான் மேலும் மேலும் வாங்கிக்கொண்டிருந்தது. ஹைதராபாத், மைசூர், பம்பாய், சர்வீசஸ், ரயில்வே எல்லாம் வாங்கியாகிவிட்டது. பந்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் கேரளாவுக்கு, மாநிலம் உருவான 1956-லிருந்து ஒரு முறைகூட வாய்க்கவில்லை.

1973 டிசம்பர். போட்டி எர்ணாகுளத்தில், மகாராஜா கல்லூரி மைதானத்தில். கேரள அணிக்குப் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ். கேப்டன் கண்ணூர்க்காரர் டி.கே.எஸ். மணி. டிசம்பர் 27 அன்று இறுதி ஆட்டம், எதிரணி ரயில்வே. சும்மா அணி இல்லை. அதற்கு முன்பே மூன்று முறை கோப்பையைத் தூக்கிய அணி. அன்று கேரளா மூன்று கோல் போட்டது. மூன்றையும் போட்டவர் மணி. ரயில்வே இரண்டு போட்டது. 3-2. சொந்த மண்ணில், சொந்த ஜனங்களுக்கு நடுவே முதல் கோப்பை. அன்றிலிருந்து அவர் சாகும்வரை ‘கேப்டன் மணி’தான், 2017-ல் அவர் இறந்தபோது பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின.

மூன்று கோல் போட்டவரை ஊர் தோளில் தூக்கும், அது சரிதான். ஆனால் பயிற்சியாளர் செய்த வேலையை நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். அந்தக் காலத்து மாநில அணி என்பது ஒன்றாக ஆடிப் பழகிய அணி கிடையாது. கேரளாவில் அப்போது கம்பெனிகள்தான் பந்தை வளர்த்தன. களமசேரியில் பிரீமியர் டயர்ஸ், ஆலுவாவில் ஃபேக்ட் உரத் தொழிற்சாலை, திருவனந்தபுரத்தில் டைட்டானியம், குண்டறையில் அலிண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அணி. வருஷம் முழுக்க இவர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுவார்கள். போன மாதம் யார் காலை யார் வாரினார்கள் என்ற கணக்கெல்லாம் மனதில் இருக்கும். இதில் இருந்து ஆளெடுத்து, முகாமில் சேர்த்து, சில வாரங்களில் ஒரே அணியாக இறக்க வேண்டும்.

அதில் ஒரு பயிற்சியாளர் எடுக்கிற முடிவுகள் கேலரியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இந்த டிஃபென்டர் கம்பெனி அணியில் முன்னேறிப் போய் ஆடியவன், இங்கே அவனைப் பின்னால் நிறுத்த வேண்டும். அந்த விங்கர் தன் கம்பெனியில் பெரிய நட்சத்திரம், இங்கே அவனை அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். யாரோடு யாருக்குப் பேச்சு வார்த்தை இல்லை, யார் அறையில் யாரைப் போடக்கூடாது, எல்லாம் பார்க்க வேண்டும். இதைச் செய்ய வெளியாள் ஒருவர் வந்தது நல்லதாகப் போயிற்று என்றே நினைக்கிறேன். திருவனந்தபுரம், கொச்சி, மலபார் என்ற கட்சி எதிலும் சேராத தஞ்சாவூர்க்காரர். அதோடு, ஒலிம்பிக்கில் ஆடியவர். ரோமில் ஹங்கேரியோடு மோதிய அணியில் இருந்த ஆள் ஒன்று சொன்னால், எந்தக் கம்பெனி நட்சத்திரமும் கொஞ்சம் யோசித்துத்தான் எதிர்த்துப் பேசுவான். ஆட்டக்காரராக அவர் சம்பாதித்த மரியாதை, பயிற்சியாளராகச் செலவழிக்க உதவியிருக்கிறது.

இன்னொன்று. அந்த 1973 அணியின் துணைக் கேப்டன் டி.ஏ. ஜாஃபர். சைமனிடம் பயிற்சி எடுத்து ஆடியவர். கேரளா தன் அடுத்த கோப்பைக்காகப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. 1992-ல் வாங்கியது, 1993-லும் வாங்கியது. இரண்டு முறையும் பயிற்சியாளர் இதே ஜாஃபர்தான். ரஹீமிடம் ஆடிய சைமன், சைமனிடம் ஆடிய ஜாஃபர். கர்நாடக சங்கீதத்தில் பாட்டு வழிவழியாக வருவதுபோல இங்கே பந்து வந்திருக்கிறது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அந்த வரிசையின் நடுவில் நிற்கிறார் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமையோ, அந்த வரிசை தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பவே இல்லை என்பதில் அவ்வளவு வருத்தம். கேரளா இதுவரை ஏழு முறை சந்தோஷ் டிராபி வாங்கிவிட்டது. தமிழ்நாடு ஒரு முறைகூட வாங்கவில்லை. கேரளாவுக்கு முதல் கோப்பையின் வழியைக் காட்டியவர் தமிழ்நாட்டுக்காரர் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஏன் இப்படி? ஆர்வம் இல்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் சம்பளம். கால்பந்து ஆடுகிறவனுக்கு ஒரு வேலை வேண்டும். காலையில் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் ஆடுகிற வேலை. கேரளாவில் டயர் கம்பெனியும் உரக் கம்பெனியும் அதைக் கொடுத்தன. சென்னையில் ஐ.சி.எஃப்., பெரிய வங்கிகள், போலீஸ் கொடுத்தன. டெல்டாவில் என்ன இருந்தது? நெல் இருந்தது. நெல் அறுவடைக்குக் கூலி கொடுக்கும், கோலிக்குச் சம்பளம் கொடுக்காது. ஆட வந்தவன் பட்டாளத்துக்கோ ரயில்வேக்கோ போக வேண்டும். போனவன் அங்கேயே ஆடி, அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே பயிற்சியாளராகிவிடுவான். ஊரில் இருப்பவனுக்குப் பத்திரிகையில் பெயர் வரும், ஆள் வர மாட்டார்.

நம் காரைக்காலுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். நாம் புதுச்சேரி யூனியன் பிரதேசம், சந்தோஷ் டிராபியில் புதுச்சேரிக்குத் தனி அணி. ரொம்ப நல்லது. ஆனால் தேர்வுக்குப் போக வேண்டும் என்றால் காரைக்கால் பையன் 130 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வழி முழுக்கத் தமிழ்நாடு. விடியற்காலை மூன்று மணி பஸ்ஸில் ஏறி, உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டே போய், பத்து மணி வெயிலில் மைதானத்தில் இறங்கி, முந்தின ராத்திரி தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிய புதுச்சேரிப் பையனோடு சேர்ந்து ஓடிக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கிற நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பையன்களோடு சேர்ந்து ஒரு அணியாக ஆடலாம் என்றால் அவர்கள் வேறு மாநிலம். கோடைப் போட்டிகளில் மட்டும் ஒன்றாக ஆடுவார்கள், சான்றிதழ் கேட்கிற இடம் வந்ததும் பிரிந்துவிடுவார்கள். நம் ஊரைச் சுற்றி வரைந்த கோட்டை நிலத்தில் யாராலும் பார்க்க முடியாது, ஆனால் பதினாறு வயதுப் பையன் அதில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறான்.

அந்த பஸ் போகிற வழியில் இருக்கிற கடலூரைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் சுனாமியில் அடிபட்ட கடற்கரை, நம்மைப் போலவே. அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து சொல்லிக்கொடுத்தார். அதில் சுனாமியால் பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இந்திய அணிக்கு ஆடி, சர்வதேச ஆட்டங்களில் கோல் போட்ட இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். ஆண்களுக்குக் கிடைக்காத தேசியக் கோப்பை தமிழ்நாட்டுப் பெண்களுக்கு 2018-ல் கிடைத்தது, மணிப்பூரையே ஜெயித்து. 2023-ல் மறுபடியும் ஹரியானாவை ஜெயித்து வாங்கினார்கள். பயிற்சியாளர் ஊரிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம்மிடம் ஆள் இல்லையா? இருக்கிறார்கள். நான் அடிக்கடி போய்ப் பார்க்கிற ஒருவரைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம் என்றார். மீனவக் கிராமத்துக்காரர். விடிகாலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. இளம் வயதில் புதுச்சேரியில் ஆடியிருக்கிறார், முட்டி போனதும் திரும்பி வந்துவிட்டார். சாயங்காலம் நாலரைக்குக் கடற்கரையில் பையன்களைச் சேர்ப்பார். கோல் போஸ்ட் சவுக்குக் கழி. வலை, கிழிந்துபோன மீன் வலை. கோன் வாங்கக் காசு இல்லாததால் வலையில் கட்டுகிற மிதவைகளை வரிசையாக வைத்து, அதைச் சுற்றிப் பந்தை ஓட்டச் சொல்வார். பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கி, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்த பிறகுதான் கொடுப்பார், வெறுங்காலில் மணலில் ஆடுகிற பிள்ளைகளுக்குக் கால் வலிக்கக் கூடாது என்று.

அவர் செய்கிற ஒரு பயிற்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. பையன் பந்துக்காக முன்னால் பார்த்து நிற்பான். அவர் அவனுக்குப் பின்னால் போய் நின்று கையில் விரல்களைக் காட்டுவார். பந்து காலுக்கு வருவதற்குள் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும். “மூணு!” என்று கத்திவிட்டுப் பந்தை வாங்கினால் சரி. வாங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால் மறுபடியும் முதலில் இருந்து. “பந்து வந்த பிறகு பாக்குறவன் பந்தைத்தான் பாப்பான்டா, ஆளைப் பாக்க மாட்டான்” என்பார். ஐரோப்பாவில் பெரிய கிளப்புகள் தங்கள் குட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே பாடம். இவர் அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நடுக்களத்தில் ஆடி, பின்னால் இருந்து வந்து மோதியவர்களிடம் அடி வாங்கிக் கற்றது.

இந்த மனிதருக்கு இதற்காக ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. பயிற்சியாளர் உரிமத்துக்கான வகுப்புக்குப் போகலாமே என்று கேட்டேன். கட்டணத்தையும், போய்த் தங்குகிற நாட்களின் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, “அடுத்த வருஷம் பாக்கலாம்ணே” என்றார். நம் பக்கத்துக் கால்பந்து நிற்கிற இடம் இதுதான். பையன்களுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுக்க ஆள் வருகிறார்கள், அதில் பெயர் அச்சடிக்கலாம். கோப்பைக்கு ஸ்பான்சர் கிடைக்கிறார்கள். பயிற்சியாளருக்கு ஒரு மாதச் சம்பளம் என்றால் எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். 1973-ல் கேரளாவில் நிலைமை வேறாக இருந்தது. அவர்கள் பக்கத்து மாநிலத்தில் இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு, ‘நீங்கள் சொல்கிறபடி கேட்கிறோம்’ என்று அணியை ஒப்படைத்தார்கள். அந்தக் காரியம்தான் கோப்பையைக் கொடுத்தது.

எங்கள் பக்கம் மீனவக் கிராமங்களில் எழுவர் போட்டிகள் களைகட்டுவது தடைக்காலத்தில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், கடற்கரை முழுக்கக் கூட்டம். போன வாரம் போட்டி நடத்துகிற தம்பிகளோடு உட்கார்ந்து பேசினேன். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சிறந்த ஆட்டக்காரர், சிறந்த கோலி எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அதோடு சைமன் சுந்தரராஜ் பெயரில் சிறந்த பயிற்சியாளர் பரிசு ஒன்று சேர்க்கலாம் என்றேன். “யாருண்ணே அது?” என்றான் ஒருவன். ரோமில் இருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பெரு ஆட்டத்துக் கோலைவிட, மணியின் மூன்று கோல்களைக் கேட்டுத்தான் அவர்களுக்கு உற்சாகம் வந்தது. “அப்ப அவரு கோல் போடல, போட வச்சாரு” என்றான் இன்னொருவன்.

ஷீல்டு வேண்டாம், பணமாகக் கொடுப்போம் என்று முடிவாகியிருக்கிறது. உரிம வகுப்புக்குக் கட்டணம் கட்டுகிற அளவுக்குத் தொகை சேர வேண்டும். வாங்குகிறவர் அந்த வருஷமே வகுப்புக்குப் போக வேண்டும், திரும்பி வந்து வாரத்தில் இரண்டு நாளாவது பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், நம் கோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருந்து வந்த அணியின் பயிற்சியாளர் என்றாலும் பரிசு அவருக்கே என்று மூன்று நிபந்தனைகளையும் எழுதிவிட்டோம். வெளிநாட்டில் இருக்கிற காரைக்கால்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள், பாரிஸ் பக்கமே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கிறீர்கள். வசூல் நோட்டு தம்பிகளிடம் இருக்கிறது. தடைக்காலத்துக்கு முன்னால் அதில் உங்கள் பெயர் ஏற வேண்டும்.